மூன்றாவது வரிசையில் ஒரு வாத்தியார்

"கத்த மாட்டேன்னு சொல்லு."

"சொல்லிட்டேன். காலையில இருந்து மூணு தடவ..."

"முணுமுணுன்னு சொன்ன. சத்தமாச் சொல்லு."

"சத்தமாச் சொன்னா அதுக்குப் பேருதான் கத்தறது! அப்புறம் கத்திட்டேன்னு..."

"ஏற்கெனவே கத்தினதாலதானய்யா இந்தப் பாடு! மூணு மாசமா என் தம்பி நம்ம வாசப்படி மிதிக்கல."

"பன்னெண்டாயிரம் பேர் கத்தினாங்க, ஷூரோங். அதுல என் குரல் மட்டும் அவனுக்கு எப்படித் தனியாக் கேட்டுச்சு?"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டின குரலுய்யா அது. 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு கத்திக் கத்தி உரமேறின குரல். செத்தவனுக்கும் கேக்கும்."

செங்டூ நகரத்தின் மேற்கு வாசல் மைதானத்தில், ஒன்பதாம் நுழைவாயிலின் வரிசையில் நின்றுகொண்டு புருஷனும் பெண்டாட்டியும் இப்படி மாறிமாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை மதியம், மணி இரண்டரை. முன்னால் நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இந்த ஊரில் பெண்டாட்டி பேச்சுக்குக் கட்டுப்பட்டவனைக் 'குழைந்த காது' என்பார்கள். லுவோவின் காதுகள் வெந்து குழைந்து வெகு காலம் ஆகிறது என்பது அந்த வரிசைக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

விஷயம் ஒரு சொல்தான். பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் வாத்தியார் புத்தகத்தை மூடிவிட்டு, "வகுப்பு முடிந்தது" என்பார். பிள்ளைகள் எழுந்து கும்பிட்டு ஓடுவார்கள். இதே சொல்லை மைதானத்தில் அணியின் பயிற்சியாளரைப் பார்த்துக் கத்தினால், "உன் பாடம் போதும், மூட்டையைக் கட்டு" என்று அர்த்தம். மேற்கு வாசல் கால்பந்து அணி தோற்கும்போதெல்லாம் பன்னிரண்டாயிரம் வாய்களும் இதைத்தான் கத்தும். அதில் யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் இந்த வருஷம் பயிற்சியாளராக வந்திருப்பவன் யின் தாவ். ஷூரோங்கின் ஒரே தம்பி.

நாளைக்கு அவர்களுடைய அம்மாவுக்கு எண்பது வயது நிறைகிறது. உணவு விடுதியில் மூன்று மேசைகள் சொல்லியாகிவிட்டது. நீள நூடுல்ஸும் பீச் பழம் மாதிரிப் பிடித்த கொழுக்கட்டையும் சொல்லியாகிவிட்டது. மகன் வருவானா என்று அம்மா ஒரு நாளைக்கு நான்கு தடவை கேட்கிறாள். தம்பிக்குப் போன் போட்டால் அவன் ஒரே பதில்தான் சொன்னான்: "என்னப் பார்த்து வீட்டுக்குப் போன்னு கத்தின மனுஷன் பக்கத்துல உக்காந்து எனக்குச் சோறு எறங்காதுக்கா." ஷூரோங் சத்தியம் செய்தாள். "இந்தச் சனிக்கிழமை எங்க வரிசையில இருந்து அந்தச் சொல் வராது. வந்தா நீ வர வேண்டாம்." அவன், "பார்க்கலாம்" என்றான்.

அதற்காக அவள் இரண்டு ஏற்பாடுகள் செய்திருந்தாள். முதல் ஏற்பாடு அவள் தோளில் தொங்கிய பையில் இருந்தது. ஆறு முயல் தலைகள், மிளகாயும் மிளகும் மிதக்க வேகவைத்தது. முயல் தலையைப் பிளந்து, கன்னத்தைக் கடித்து, நாக்கை உருவி, மூளையை உறிஞ்சுகிறவனால் வேறெதற்கும் வாயைத் திறக்க முடியாது. ஆட்டத்தின் ஒரு பாதிக்கு மூன்று என்று கணக்கு.

இரண்டாவது ஏற்பாடு பெரிய ரோட்டைக் கடந்து, தலைகளுக்கு மேல் தலையாக வந்துகொண்டிருந்தது.

"வந்துட்டாரு பாரு காவ் வாத்தியாரு."

லுவோ நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"அடிப்பாவி. என் வாயை மூட வெளிநாட்டுல இருந்து ஆள் இறக்கிட்டியா?"

"விருந்தாளி நடுவுல உக்காருவாரு. வெளிநாட்டுக்காரர் முன்னால கண்டபடி கத்தி நம்ம மானத்த வாங்க மாட்ட இல்ல?"

அந்த இடத்தில் அவள் லுவோவைச் சரியாகப் பிடித்திருந்தாள். பெண்டாட்டி முன்னால் மானம் போவது ஒரு பொருட்டே இல்லை. வெளிநாட்டு விருந்தாளி முன்னால் போனால் எப்படித் திரும்ப வரும்?

காவ் வாத்தியாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கோர்மாக். அயர்லாந்துக்காரர், முப்பத்தொரு வயது, ஆறடி நாலங்குலம். மூன்று வருஷமாக இங்கே நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறார். 'காவ்' என்றால் உயரம். பிள்ளைகள் வைத்த பெயர் அது, அதுவே நிலைத்துவிட்டது. ஷூரோங் அந்தப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் கரண்டி பிடிக்கிறவள். பள்ளிக்கூடக் கரண்டிக்கு ஒரு நடுக்கம் உண்டு, தட்டுக்கு வருவதற்குள் ஒரு ஆட்டு ஆட்டினால் இரண்டு இறைச்சித் துண்டு சட்டிக்கே திரும்பிவிடும். காவ் வாத்தியாருக்கு மட்டும் அந்தக் கரண்டி மூன்று வருஷத்தில் ஒரு நாளும் ஆடியதில்லை. ஆகவே அவள் "சனிக்கிழமை பந்தாட்டம் பார்க்க வாங்க வாத்தியாரே" என்று கூப்பிட்டதும் அவரால் மறுக்க முடியவில்லை.

"வணக்கம், அத்தை அவர்களே. வணக்கம், மாமா அவர்களே. தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும்."

அவர் பேச்சு முழுக்க வகுப்பறையில் கற்றது. புத்தகம் பேசுகிற மாதிரியே இருக்கும்.

அதற்குள் வரிசையில் சலசலப்பு. இந்த நாட்டில் அணிக்கு விளையாட வரும் வெளிநாட்டு ஆட்டக்காரனை 'வெளியுதவி' என்பார்கள்.

"புது வெளியுதவியா? கோல்கீப்பரா?"

"இவ்வளவு உயரமா இருக்காரே, கோல்கீப்பராத்தான் இருக்கும்."

"அப்ப ஏன்யா டிக்கெட் வரிசையில நிக்கறாரு?"

"நம்ம சங்கத்துல பணம் இல்ல போல. அவரையே டிக்கெட் வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க."

மூன்று பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண்மணி கைக்குழந்தையை நீட்டினாள். வாத்தியார் எல்லாரிடமும், "நான் ஆட்டக்காரன் அல்ல, ஆசிரியர்" என்று பணிவாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. லுவோவோ, "எங்க ஆளு, எங்கூடத்தான் வந்திருக்காரு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பெண்டாட்டி மீதிருந்த கோபம் பாதி போய்விட்டது.

நுழைவாயிலில்தான் சிக்கல். உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைத் தொட்டால் கதவு திறக்கும். பாஸ்போர்ட்டை அந்த இயந்திரம் மதிக்கவில்லை. சீருடை போட்ட பெண் ஒருத்தி பக்கத்துக் கதவுக்குக் கூட்டிப்போய்ப் பெயரைச் சரிபார்த்தாள்.

"டிக்கெட்டுல 'காவ் வாத்தியார்'னு இருக்கு. பாஸ்போர்ட்டுல என்னமோ நீளமா இருக்கே."

ஷூரோங் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போனில் டிக்கெட் எடுத்தபோது பெயர் என்று கேட்ட இடத்தில், தினமும் கூப்பிடுகிற பெயரையே அடித்துவிட்டிருந்தாள்.

"நம்பர் சரியா இருக்கா பாரும்மா."

"நம்பர் சரி. பேரு வேறயாச்சே. இவருதான் வாத்தியாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பின்னால் ஒரே தள்ளுமுள்ளு. யாரோ முதுகில் இடித்ததும் வாத்தியார் பழக்க தோஷத்தில் திரும்பி நின்றார்.

"பின்னால் பேசுவது யார்? வரிசையில் நிற்கவும். ஒருவர் பின் ஒருவராக. கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும்."

சொல்லி முடிப்பதற்குள் நாற்பது வயசுத் தடியன்கள் எல்லாம் ஒரே கோடாக நின்றுவிட்டார்கள். ஒருவன் வாயிலிருந்த சூரியகாந்தி விதையை விழுங்கிவிட்டான். சீருடைப் பெண்ணும் தன்னையறியாமல் விறைத்து நின்றிருந்தாள்.

"உள்ள போங்க வாத்தியாரே," என்றாள்.

மூன்றாவது வரிசை, சொந்த அணியின் பெஞ்சுக்கு நேர் பின்னால். லுவோ இந்தப் பக்கம், ஷூரோங் அந்தப் பக்கம், நடுவில் வாத்தியார் சுவர் மாதிரி. உட்கார்ந்ததும் பின்னால் இருந்து குரல் வந்தது.

"அண்ணே, அந்தக் கோபுரத்தக் கொஞ்சம் மடக்கி வைக்கச் சொல்லுங்க. எனக்குப் பாதி மைதானந்தான் தெரியுது."

"தெரியற பாதியில நாம எங்க விளையாடப் போறோம்?" என்றார் லுவோ. பின்வரிசை சிரித்தது. வாத்தியார் தோளை இறக்கி, முழங்காலை மடக்கி, தன்னை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிக்கொண்டார்.

கீழே யின் தாவ் சாம்பல் நிறக் கோட்டில் கைகட்டி நின்றிருந்தான். நாற்பத்தேழு வயது. பின்மண்டை இன்றைக்கும் அதே உருண்டை. ஷூரோங்குக்கு அதைப் பார்த்தாலே மனசு இளகிவிடும். அவன் பிறந்தபோது தலை அவ்வளவு பெரிதாக இருந்தது. அம்மாவும் அவளும் 'பூசணி' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வயதில் அணியில் சேர்ந்த அன்றைக்கு இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டான், இனி அந்தப் பெயரை வெளியில் ஒருத்தர் காதிலும் போடக்கூடாது என்று. முப்பது வருஷமாக இருவரும் காப்பாற்றி வருகிறார்கள்.

"பூசணி, பயப்படாதடா," என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"என்ன?" என்றார் லுவோ.

"ஒண்ணுமில்ல. இந்தா, தலையைத் தின்னு."

ஆட்டம் ஆரம்பித்தது. "நிமிரு! நிமிரு!" என்று மேற்கு வாசல்காரர்கள் முழங்கினார்கள். வாத்தியாருக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. பிள்ளைகள் கூனி உட்கார்ந்தால் தானும் அதைத்தான் சொல்வதாக ஷூரோங்கிடம் சந்தோஷமாகச் சொன்னார். அவருக்கும் ஒரு முயல் தலை கொடுக்கப்பட்டது. அவர் அதை வெகு நேரம் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

"எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், மாமா?"

"தாடையைப் பிடிச்சு ரெண்டாப் பிளங்க. வெக்கப்படாதீங்க, அது ஒண்ணும் சொல்லாது."

முப்பத்தோராவது நிமிடம் வடக்கேயிருந்து வந்த அணி ஒரு கோல் போட்டது. நம்முடைய பின்காவல்காரன் வழுக்கி விழுந்தான். அவ்வளவுதான். லுவோ இரண்டாவது தலையை வெறி பிடித்த மாதிரிக் கடித்தார். எலும்பு உடையும் சத்தம் இரண்டு வரிசைக்குக் கேட்டது.

நாற்பதாவது நிமிடத்தில் மைதானத்தின் வடக்கு மூலையில் நம்மவர்களின் முரசு ஒன்று ஆரம்பித்தது. டும், டும்.

"வகுப்பு முடிஞ்சுது!"

டும், டும்.

"யின் தாவ்! வகுப்பு முடிஞ்சுது!"

கூரைக்கு அடியில் சுற்றிக்கொண்டு அது மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்தது. கோபுரத்தை மடக்கச் சொன்ன பின்வரிசைத் தடியன் எழுந்துவிட்டான். ஷூரோங் வாத்தியாரின் முழங்காலுக்கு மேலாக எட்டிப் புருஷனைப் பார்த்தாள். லுவோவின் முகம் சிவந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாயில் முயலின் தாடை இருந்தது. அதை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மைதானத்தின் பெரிய கடிகாரத்தைப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு நாற்பத்தைந்து நிமிடம். இங்கேயும் ஒரு பாதி நாற்பத்தைந்து நிமிடம். இப்போது நாற்பதுதான் ஆகிறது. ஆகாத வகுப்பை ஆகிவிட்டது என்று இவ்வளவு பேர் சேர்ந்து பொய் சொல்கிறார்களே! மூன்று வருஷமாகத் தினமும் கடைசி ஐந்து நிமிடம் அவர் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும்.

எழுந்தார். எழுந்து எழுந்து எழுந்து முழு உயரத்துக்கும் வந்தார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். கையில் பாதி தின்ற முயல் தலை, சாக்பீஸ் மாதிரி.

"யார் சொன்னது வகுப்பு முடிந்தது என்று?"

அறுபது பேர் வகுப்பில் கடைசி பெஞ்சுவரை எட்டுகிற குரல்.

"மணி அடித்ததா? எனக்குக் கேட்கவில்லை. மணி அடித்தாலும் வகுப்பு முடியாது. ஆசிரியர் சொன்னால்தான் முடியும். அனைவரும் உட்காரவும். இன்னும் ஐந்து நிமிடம் உள்ளது!"

தடியன் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் நின்ற ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவன், ஐம்பது வயதாவது இருக்கும், தன்னை மறந்து, "சரிங்க சார்" என்றான்.

அப்புறம் வெடித்தது சிரிப்பு. ஒன்பதாம் பகுதி முழுக்கச் சிரித்தது. வடக்கு மூலைக்கு விஷயம் தெரியாமல் முரசு மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஓய்ந்தது. கீழே பெஞ்சில் இருந்த மாற்று ஆட்டக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யின் தாவும் திரும்பினான். வாத்தியாரைப் பார்த்தான். இரண்டு கையிலும் முயல் தாடையோடு உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். உதட்டோரம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது ஷூரோங்குக்கு.

இடைவேளையில் வாத்தியாரைச் சுற்றி ஒரே கூட்டம்.

"வாத்தியாரே, என் பையன் வீட்டுப்பாடமே எழுத மாட்டேங்கறான். ஒரு அதட்டு அதட்டுங்க, படம் பிடிச்சுக்கறேன்."

"வாத்தியாரே, நடுவர் தூங்கறாரு. அவரை வெளிய நிக்க வைங்க."

லுவோ வாயைத் துடைத்துக்கொண்டார். "வாத்தியாரே, அந்தச் சொல்லுக்கு உண்மையில என்ன அர்த்தம்னா..."

"என்ன அர்த்தம்?" என்றாள் ஷூரோங். "வகுப்பு முடிஞ்சுதுன்னா வகுப்பு முடிஞ்சுது. வேற என்ன? சொல்லேன், சொல்லித்தான் பாரேன். நாளைல இருந்து நீயே சமைச்சுக்க."

"...அதேதான் அர்த்தம்," என்றார் லுவோ.

வாத்தியார் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சூரியகாந்தி விதை விற்கிறவனிடம் ஒரு பொட்டலம் வாங்கப் போனார். திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது.

இரண்டாம் பாதியில் நல்ல காரியம் ஒன்று நடந்தது. அறுபத்து நான்காவது நிமிடம் சின்ன மா என்கிற பையன் கோல் போட்டான். ஒன்பதாம் எண் சட்டை, இருபது வயசு, காற்றடித்தால் பறந்துவிடுவான் போல இருப்பான். ஷூரோங்குக்கு அணியிலேயே அவனைத்தான் பிடிக்கும். "அந்தப் புள்ளைக்கு யாராவது ஒழுங்காச் சோறு போடறாங்களா?" என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கேட்பாள். கோல் விழுந்ததும் வாத்தியாரும் லுவோவும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். லுவோவின் முகம் வாத்தியாரின் மார்பெலும்பில் பதிந்தது. மிளகாய் எண்ணெய்க் கறை சட்டையில் வட்டமாக நின்றது.

ஒன்றுக்கு ஒன்று. ஆனாலும் ஜெயிக்காவிட்டால் போதாது என்று வடக்கு மூலைக்குக் கோபம். எண்பதாவது நிமிடம் மறுபடி முரசு.

"வகுப்பு முடிஞ்சுது!"

வாத்தியார் எழக்கூடத் தேவை இருக்கவில்லை. ஒன்பதாம் பகுதியே அவருக்காகக் காத்திருந்தது. அவர் ஒரு விரலைத் தூக்கினார்.

"இன்னும் பத்து நிமிடம்!"

"இன்னும் பத்து நிமிஷம்!" என்று ஒன்பதாம் பகுதி திருப்பிக் கத்தியது. எட்டாம் பகுதி சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகும் 'இந்த ஒரு கணக்கை முடிச்சிடலாம்' என்று இழுத்தடித்த அத்தனை வாத்தியார்களையும் அந்த ஊர் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டது. அந்தக் கூச்சலில் வடக்கு மூலையின் சொல் அமுங்கிப்போயிற்று.

ஷூரோங்குக்கு உடம்பெல்லாம் லேசானது. தம்பி நாளைக்கு வருவான். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருவான். பையைத் தடவிப் பார்த்தாள், காலி. ஆறு தலையும் தீர்ந்துவிட்டது. பரவாயில்லை. லுவோ வெறும் வாயோடுதான் உட்கார்ந்திருந்தார், ஒரு முணுமுணுப்புகூட இல்லை. கையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக.

எண்பத்தெட்டாவது நிமிடம் வந்தது.

வடக்கு அணிக்காரன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். ஆட்டம் நின்றது. நாலாவது நடுவர் பலகையைத் தூக்கினார். வெளியே வர வேண்டியவன் எண் சிவப்பில் ஒளிர்ந்தது: ஒன்பது. உள்ளே போக இருந்தவன் ஒரு பின்காவல்காரன்.

யின் தாவ், கோல் போட்ட பிள்ளையை எடுத்துவிட்டு, இருக்கிற சமநிலையைக் காப்பாற்றக் கதவைச் சாத்துகிறான்.

மைதானத்துக்கு இது புரியச் சில வினாடி பிடித்தது. அந்தச் சில வினாடி பன்னிரண்டாயிரம் பேரும் மூச்சு விடாமல் பலகையைப் பார்த்தார்கள். சின்ன மா இடுப்பில் கை வைத்து, தன்னையா என்பது போலத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். ஷூரோங்குக்கு நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. சீட்டு விளையாடும்போது கையில் நல்ல சீட்டை வைத்துக்கொண்டே பயந்துபோய்க் கவிழ்த்துவிடுகிற பையன். எத்தனை தடவை மண்டையில் குட்டியிருப்பாள்! ஒரு தடவையாவது திருந்தினானா?

எழுந்ததே அவளுக்குத் தெரியாது.

"டேய் பூசணி! வகுப்பு முடிஞ்சுதுடா!"

அந்த நிசப்தத்தில் அது தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக, பெஞ்சைத் தாண்டிக் கோடு வரைக்கும் போய் விழுந்தது. சாம்பல் நிறக் கோட்டின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. யின் தாவ் திரும்பவில்லை.

அடுத்த கணமே மைதானம் முழுக்க ஊளையிட ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. மெல்ல உட்கார்ந்தாள். புருஷன் இருந்த பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது.

வாத்தியார் அவள் பக்கம் குனிந்தார். மிகவும் பணிவாகச் சொன்னார்.

"அத்தை அவர்களே, வகுப்பு முடியவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் உள்ளது."

வாத்தியாருக்கு அப்பால் லுவோ கையை மடியில் கோத்தபடி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் கத்தியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

ஒன்றுக்கு ஒன்று என்றே ஆட்டம் முடிந்தது. ஒரு புள்ளி கிடைத்தது. மேற்கு வாசல் அணி கடைசி இடத்துக்குப் போகாமல் தப்பித்தது. யின் தாவின் வேலையும் அடுத்த சனிக்கிழமைவரை தப்பித்தது. கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து, நிழற்சாலை மூலையில் இருந்த நூடுல்ஸ் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"பூசணி," என்றார் லுவோ, சாப்பாட்டுக்குச்சியைத் துடைத்தபடி. "இருபத்தெட்டு வருஷமாச்சு உன்னக் கட்டி. இந்தப் பேரு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

"வாய மூடிட்டுச் சாப்பிடு."

"நான் காலையில இருந்தே மூடிட்டுத்தான இருக்கேன்? வாத்தியாரே, நீங்களே சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை கத்தினேனா?"

"இல்லை, மாமா. நன்னடத்தைக்கு உங்களுக்குத்தான் முதல் பரிசு."

"பார்த்தியா? வெளிநாட்டுக்காரரே சொல்றாரு. வாத்தியாரே, இப்பவாவது அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிடறேன். அவ சமைக்காட்டிப் போகட்டும்."

"தெரியும், மாமா. விதை விற்பவர் இடைவேளையில் சொன்னார். அங்கே நிற்பது அத்தையின் தம்பி என்றும் சொன்னார்." வாத்தியார் நூடுல்ஸைக் கிளறினார். "முதல் முறை நான் தெரியாமல் எழுந்தேன். இரண்டாவது முறை தெரிந்தேதான் விரலைத் தூக்கினேன். மூன்று வருடம் அத்தையின் கரண்டி ஆடவில்லை அல்லவா?"

ஷூரோங்குக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "இத்தனையும் பண்ணி, நானே கெடுத்துட்டேனே. எங்க அம்மா நாளைக்கு வாசலையே பார்த்துட்டு உக்காந்திருப்பா."

"அவனுக்குக் கேட்டிருக்காது," என்றார் லுவோ. முதல் தடவையாக அவர் குரலில் கேலி இல்லை. "அவ்வளவு கூட்டத்துல எப்படிக் கேக்கும்?"

"உன் குரல் கேட்டுச்சே."

"என்னுது பஸ் குரல்."

மேசைமேல் போன் அதிர்ந்தது. தம்பி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். லுவோ பொறுக்க முடியாமல் விரலை நீட்டி அழுத்தினார். பதற்றத்தில் ஒலிபெருக்கியையும் சேர்த்து அழுத்திவிட்டார். குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தோடு யின் தாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"அக்கா?"

"ம். சொல்லுடா."

"மாமாகிட்டச் சொல்லு, நான் கவனிச்சேன்னு. தொண்ணூறு நிமிஷமும் மனுஷன் வாயே தெறக்கல. அந்த நெட்ட வாத்தியார் யாரு? அவரையும் நாளைக்குக் கூட்டிட்டு வா, பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன்."

லுவோ மேசைக்கு அடியில் பெண்டாட்டியின் கையைப் பிடித்தார். அவள் மூச்சு விட்டாள்.

"அப்ப வர்ற இல்ல?"

"வர்றேன். வராம? ஆனா ஒண்ணு கேக்கணும்க்கா. எண்பத்தெட்டாவது நிமிஷம், மூணாவது வரிசையில இருந்து ஒரு பொம்பளக் குரல் என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு. அந்தப் பேரு இந்த உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். நீ எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்க, அதனால நீயா இருக்க முடியாது." தண்ணீர்ச் சத்தம் நின்றது. "இந்த எண்பது வயசுல அம்மாவ எதுக்குக்கா மைதானத்துக்குக் கூட்டிட்டு வந்த?"